கோவையிலிருந்து முப்பத்தெட்டு பேர்

நூற்று மூன்று.

அவள் திரையை மறுபடியும் புதுப்பித்தாள். அதே நூற்று மூன்று.

சிரிப்பு வந்தது. பசிக்கவும் செய்தது.

அவளுடைய சின்ன நிறுவனம் விற்பது, செயலி உருவாக்குகிறவர்களுக்கான மென்பொருள். செயலியில் எந்த வசதியை மக்கள் பயன்படுத்துகிறார்கள், எதைச் சீந்துவதே இல்லை என்று காட்டும். இரண்டு வருட உழைப்பு. மார்ச் முடிவதற்குள் தினம் நூறு பேராவது அதைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடிவிடலாம் என்று ஜனவரியில் சொன்னவள் அவள்தான். கூட்டாளி சேந்தன் தலையை மட்டும் ஆட்டினான்.

இன்று மார்ச் இருபத்தெட்டு.

யார் இந்தப் புண்ணியவான்கள்? ஆசையாகப் பட்டியலைத் திறந்தாள்.

முப்பத்தெட்டு பேர் ஒரே நிறுவனத்தவர்கள். கோயம்புத்தூர்.

ஒருவர் வெளியேறியதும் அடுத்தவர் உள்ளே வந்திருக்கிறார். முப்பத்தெட்டு பேரும் அதே ஐந்து பொத்தான்களை அதே வரிசையில் அழுத்தியிருக்கிறார்கள்.

மனிதர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். ஒருவராவது தப்பான இடத்தில் அழுத்துவார். ஒருவராவது பாதியில் டீ குடிக்கப் போவார்.

சொந்த ஆட்கள் தொடுவதைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம் அது. இந்த அலுவலக இணைய இணைப்பிலிருந்து வருவதை மென்பொருளே கழித்துவிடும். இவை ஏதோ ஒரு கைபேசியிலிருந்து வந்திருந்தன.

ஒரே ஒரு கைபேசி.

கோயம்புத்தூருக்குப் பேசினாள். அங்கே மேலாளர் ராமபத்ரன் எடுத்தார். நலம் விசாரித்தார். தயங்கினார்.

“தீபாவளியோடயே நாங்க நிறுத்திட்டோமுங்க. சேந்தன் தம்பிதான், பேரையெல்லாம் அழிச்சிராதீங்கன்னு கேட்டுக்கிட்டாருங்க.”

அவர் வைத்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

தினம் காலையில் சேந்தன் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வான். கையில் போன். எந்தப் பெண்ணோ என்று ஒருநாள் சீண்டினாள். அவன் மறுக்கவில்லை.

படியேறினாள்.

சேந்தன் மடியில் ஒரு தாள். அதில் முப்பத்தெட்டு பெயர்கள், அழகான கையெழுத்தில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக். இவ்வளவு ஒழுங்கு அவனுக்குத்தான் வரும்.

அவன் எழுந்திருக்கவில்லை.

“அந்த நம்பரைப் பாத்துட்டுத்தான் நீ சாப்பிடுற.”

ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. முப்பத்தெட்டைக் கழித்தால் அறுபத்தைந்து. ஜனவரியிலும் அறுபத்தைந்துதான்.

படியிறங்கினாள்.

காலையில் அலுவலகத்துக்குக் கடைசியாக வந்து சேருகிற ஊழியர் அன்றைய எண்ணிக்கையைக் கண்ணாடித் தடுப்பில் எழுத வேண்டும். அங்கே அது வழக்கம். இன்று நசீமா. போன வாரம்தான் வேறு கம்பெனியில் கிடைத்த வேலையை வேண்டாம் என்றுவிட்டிருந்தாள். இங்கே எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் போவது என்று வீட்டில் சண்டை போட்டாளாம்.

நசீமா பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, எண்ணைக் கேட்க அவள் பக்கம் திரும்பினாள். மற்ற மூவரும் நாற்காலியைத் திருப்பினார்கள்.

சேந்தன் இறங்கி வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வரவில்லை. அவனும் அவள் வாயையே பார்த்தான்.

அறுபத்தைந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“நூத்தி நாலு” என்றாள்.