ஆறு மணிப் பூட்டு

சாயங்காலம் ஆறு அடித்தால் போதும், பஸ் டிரைவர் தன் வீட்டுச் சமையலறையைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஆளைத் திணித்து வைத்ததுபோல் இருக்கும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பீப்பா. அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள், டாக்டர் சொல்லிவிட்டார் என்று வீட்டில் அறிவித்தார். ஆறு மணிக்குள் சாப்பிட்டு முடித்தால் எடை குறையுமாம். அதற்கு மேல் உள்ளே போவதெல்லாம் நேராகத் தொப்பையில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். தன் நாக்கைத் தன்னால் நம்ப முடியாதாம், அதனால் பூட்டு. கல்லூரியில் படிக்கிற மகனும் மகளும் ஆறுக்குள் தட்டின் முன்னால் உட்கார வேண்டும். தவறினால் மறுநாள் காலைதான்.

மகன் ஒருநாள் ஆறு ஐந்துக்கு வந்து, கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று வாதாடிப் பார்த்தான். பீப்பா வாசலுக்குப் போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்து, நேரம் சரிதான் என்று தீர்ப்புச் சொன்னார். மகள் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் எடுக்கப் போய், கை கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. பீப்பா சோப்பு தடவிக் கையை எடுத்துவிட்டார். பூட்டைத் திறக்கவில்லை.

இவர்கள் பாடு போகட்டும். மனைவிக்குத் துணிக்கடையில் அளந்து வெட்டிக் கொடுக்கிற வேலை. காலையிலிருந்து நின்றபடியே. அவள் வீடு வந்து சேர ஏழாகும்.

"உழைச்சு ஓடா தேஞ்சு வர்றவளுக்கு அடுப்படியைப் பூட்டி வைக்கிறவன் மனுஷனா?" என்று மாடி வீட்டு அக்கா தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள். மனைவியைக் கேட்டால், அவர் உடம்புக்காகத்தானே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பாவம், பயப்படுகிறாள் என்று தெரு முடிவு கட்டியது. மாடி வீட்டு அக்கா மனைவியின் அண்ணனுக்கே போன் போட்டுவிட்டாள்.

அண்ணன் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவருக்கு ஒரே தங்கச்சி. அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, எடை பார்க்கிற மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆறே காலுக்கு வந்து நின்றார்.

நேரத்துக்குச் சாப்பிட்டால் எடை குறையுமா குறையாதா என்று படித்தவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அந்தச் சண்டைக்குத் தான் வரவில்லை என்றார். ஆனால் இந்த வீட்டில் குறைந்திருக்கிறதா என்று இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். குறையவில்லையென்றால் பூட்டை உடைப்பார். தங்கச்சியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

"ஏறுங்க மாப்பிள்ளை."

பீப்பா பெல்ட்டைக் கழற்றினார். சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கொஞ்சம் யோசித்து வாட்ச்சையும் கழற்றினார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறி நின்றார்.

அண்ணன் குனிந்து பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன் கடையில் பார்த்தபோது தொண்ணூற்று நாலு. இப்போது தொண்ணூற்று ஏழு.

"மூணு கிலோ ஏறியிருக்கு."

பீப்பா மூச்சை விட்டார். "தெரியும் மச்சான். ஏறாம என்ன செய்யும்? நாலரைக்கு வந்து சமைக்க ஆரம்பிக்கிறேன். உப்பு பாக்கிறேன், காரம் பாக்கிறேன்னு அதுலயே ஒரு வேளைச் சாப்பாடு உள்ள போயிடுது. அப்புறம் சாப்பாடு வேற."

நீங்களா சமைக்கிறீர்கள் என்று கேட்ட அண்ணன், அப்போதுதான் மேஜையைக் கவனித்தார். மூடி வைத்த இரண்டு டப்பாக்கள். தொட்டுப் பார்த்தார். சுட்டது. டாக்டர் அப்படி என்னதான் சொன்னார் என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் சொல்லல. அவளுக்குத்தான் சொன்னாரு. நின்னு நின்னு கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கு, வீட்டுக்கு வந்ததும் காலைத் தூக்கி வெச்சு உக்காரணும், இல்லேன்னா ஆபரேஷன்தான்னு."

உட்காரச் சொல்லிப் பார்த்தாராம். அவள் கேட்கவில்லை. ஏழு மணிக்கு அடுப்படிக்குள் போனால் பத்துக்குத்தான் வெளியே வருவாள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு சாப்பாடு. நான் சமைக்கிறேன் என்றதற்குக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். சமைத்தே வைத்த அன்றைக்கு, மேடையைத் துடைக்கிறேன் என்று உள்ளே போனவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவ உடம்புக்குன்னா எதையும் கேக்க மாட்டா மச்சான். என் உடம்புக்குன்னாத்தான் கேப்பா."

அண்ணன் பெல்ட்டை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

ஏழு மணிக்குத் தங்கச்சி வந்துவிட்டாள். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பையைக்கூட வைக்காமல் டீ போடச் சமையலறைப் பக்கம் நடந்தாள். பூட்டைத் தொட்டாள். வந்தவருக்கு ஒரு டீ கொடுக்க வழியில்லையே என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டு கால்களையும் அதன்மேல் தூக்கி வைத்தாள். டப்பாவைத் திறக்கப் போனபோதுதான் கீழே இருந்த மெஷின் கண்ணில் பட்டது.

"எடை பாத்தீங்களா அண்ணே? இவருக்குக் குறைஞ்சிருக்கா?"

பீப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

அண்ணன் மெஷினைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நல்லாவே குறைஞ்சிருக்கும்மா. ஆனா இந்தப் பூட்டு ரொம்பச் சின்னது. நாளைக்கு நான் பெருசா ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்."