மாவு மூட்டையில் செங்கோல்

"கோட்டுக் கையில என்ன பெரியவரே, மாவா?"

செலிசோ அப்படிக் கேட்டதும் மொக்கேத்தி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். செலிசோ ஆளுங்கட்சிக் கொறடா. சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற மனுஷன். நாடாளுமன்றக் கேன்டீனின் சமையற்கட்டுப் பக்கம் அவன் எட்டிப் பார்த்ததே கிடையாது.

"களி கிண்டுறதுக்கு ஒத்தாசை பண்ணேன் ஐயா."

"செங்கோல் தூக்குற ஆளு களி கிண்டுறீங்களா? அதுவும் செங்கோலைக் காணோம்னு சபாநாயகர் தலையில அடிச்சுக்கிட்டு இருக்கிற நேரத்துல?"

மேசைமேல் செங்கோல் இல்லாமல் அந்தச் சபை கூடாது. வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம். உறுப்பினர்கள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தாலும், வெள்ளிப் பூண் போட்ட அந்தத் தடி இல்லையென்றால் அது வெறும் கூட்டம்தான். அதைத் தோளில் சுமந்து வருவது மொக்கேத்தியின் உத்தியோகம்.

செலிசோ மூலையில் கிடந்த சோளமாவு மூட்டைக்குள் கையை விட்டான். விரலில் உலோகம் தட்டியது. மொக்கேத்தி அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

"என் பொண்ணு லிமகாட்சோ ஐயா... ஊர்வலத்துல போனான்னு புடிச்சுட்டுப் போனாங்க. இந்த அவசரச் சட்டம் இருக்கிற வரைக்கும் வழக்கும் இல்ல, விசாரணையும் இல்லையாம். மலை ஜெயில்ல இந்தக் குளிர்ல ஒரு போர்வை குடுக்கக்கூட விடமாட்டேங்கிறாங்க. இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுதுன்னு ரேடியோல சொன்னாங்க. சபை கூடினாத்தானே நீங்கல்லாம் கை தூக்கி அதை நீட்டிப்பீங்க? கூடலைன்னா சட்டம் செத்துடும். அவ வீட்டுக்கு வந்துடுவா."

செலிசோ கையை வெளியே எடுத்து மாவைத் தட்டிவிட்டு, மூட்டையின் வாயைத் தானே இறுக்கிக் கட்டினான்.

"எனக்கும் பொண்ணு இருக்கு பெரியவரே. நான் எதையும் பாக்கலை. அஞ்சு மணி வரைக்கும் இந்தப் பக்கம் யாரையும் விடாதீங்க."

மொக்கேத்தி அவன் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதார். இந்த மனுஷனைப் போய் எத்தனை நாள் வயிறெரியத் திட்டியிருக்கிறோம் என்று கூசிப்போனார்.

ஐந்து மணிக்கு மாதா கோயில் மணி அடித்தது. சபாநாயகர் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மகளுக்கு வாங்கி வைத்திருந்த போர்வையை மொக்கேத்தி மடித்துக்கொண்டிருந்தபோது, எதிர்க்கட்சி உறுப்பினர் மாசெச்சாபா உள்ளே வந்து மாவு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது.

"எதுக்கும்மா அழறீங்க? சபைதான் கூடலையே, சட்டம் செத்துப்போச்சு! நான் லிமகாட்சோவைக் கூட்டிட்டு வரக் கிளம்பிட்டேன்."

மாசெச்சாபா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"யாரு உங்களுக்கு அப்படிச் சொன்னது? கெடு சட்டத்துக்கு இல்ல ஐயா, நமக்கு. அஞ்சு மணிக்குள்ள சபை கூடி ரத்து பண்ணலைன்னா அது நிரந்தரம். அவங்க கட்சியிலயே ஆளைப் பிரிச்சு, ஜெயிக்கிற அளவுக்குச் சேத்து வெச்சிருந்தோம். செலிசோ காலைலேர்ந்து பேயறைஞ்ச மாதிரி திரிஞ்சான். எந்தப் பாவியோ செங்கோலை ஒளிச்சு அவனைக் காப்பாத்திட்டான். இனிமே உங்க பொண்ணு..."

மொக்கேத்தியின் கையிலிருந்த போர்வை நழுவித் தரையில் விழுந்தது.

மாசெச்சாபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே சற்று நகர்ந்தார்.

"என்ன ஐயா இது, மாவு மூட்டைக்குள்ள ஏதோ குத்துது?"