கொலுசுக் காவல்

குழந்தை வளர்ப்பைப் பற்றி யார் வாய் திறந்தாலும், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி நல்லரத்தினத்திடம் ஒரு சொற்பொழிவு தயாராக இருக்கும். ஆகவே மருமகள் வதனி, பேத்தி கம்சாயினியை இடுப்பில் வைத்தபடி தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"வேலைக்கு நேர்முகப் பரீட்சை மாமா. கம்சியப் பாத்துக்குவீங்களா? பின்னுக்கு வாவி இரிக்கு. பயமா இரிக்கு."

"எத்தின பள்ளிக்கூடத்தக் கட்டி மேய்ச்சவன் நான்! இவள்ற கால்ல கொலுசு இரிக்கே, காதே போதும். நீ போ புள்ள."

வதனி போனாள். அவர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடினார். சலங் சலங்... குசினிப் பக்கம். சலங்... முற்றம். இதற்கா இவ்வளவு பயம்?

சலங் சலங்... வாவிக்கரை!

சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். கரைச் சேற்றில் விழுந்தெழும்பி எட்டிப் பிடித்தால், "மே" என்றது ஆட்டுக்குட்டி. அதன் கழுத்தில் பேத்தியின் கொலுசு.

அவருக்கு உயிரே போய்விட்டது. "கம்சீ! ஐயோ, என்ட புள்ள!"

"இஞ்ச இரிக்கிறாள் மாமா."

வேலியோரம் வதனி நின்றாள். இடுப்பில் கம்சாயினி கைகொட்டிச் சிரித்தாள்.

"நீ... பரீட்சைக்குப் போகல்லியா?"

"என்ட பரீட்சை நாளைக்கு. இண்டைக்கு உங்களுக்கு. நீங்க கண்ண மூடினதும் புள்ளையத் தூக்கிட்டு, கொலுச ஆட்டுக்குக் கட்டினது நான்தான்."

வாழ்நாளெல்லாம் பிறருக்குப் புள்ளி போட்டவர் சேறு சொட்டச் சொட்டக் கேட்டார்:

"பாஸா புள்ள?"

"ஓட்டத்துக்கு நூறு மாமா. கண்ணுக்கு முட்டை. நாளைக்கு அந்தக் கதிரைய அறைக்குள்ள வெச்சுப் பூட்டிப்போட்டுத்தான் நான் போவன்."