எங்கே இறக்குவது

பழைய வீட்டை வாங்க வந்தவர் ஒன்றுதான் கேட்டார்.

"இங்க யாராவது தவறியிருக்காங்களா? இருந்தா சொல்லிடுங்க, நாங்க புது ஃப்ளாட்டே பாத்துக்கறோம்."

"இதுவரைக்கும் இல்லைங்க" என்றான் தணிகாசலம். உள்ளறையில் அவன் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பத்திரப்பதிவுக்கு இன்னும் நான்கு நாள். அன்று மாலையே அவளைக் கட்டிலோடு டெம்போவில் ஏற்றி, தான் கட்டிய புது வீட்டுக்குக் கொண்டுபோனான். மனைவி சுகந்தி வாசலை மறித்து நின்றாள்.

"பால் காய்ச்சி எட்டு நாள்கூட ஆகல. இங்க வேணாம்."

டிரைவர் என்ஜினை அணைக்கவில்லை. "எங்கண்ணே எறக்கணும்?"

கட்டிலிலிருந்து அம்மாதான் பதில் சொன்னாள்.

"சும்மா ஓட்டிக்கிட்டே இருப்பா. ரொம்ப நேரம் ஆகாது."