கை காட்டிய கடை

"எந்திரிங்க, எந்திரிங்க" என்று கத்திக்கொண்டே குருவம்மா நாற்காலிகளை இழுத்து எறிந்தாள். மேல் வளைவில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தது. பிரேக் போய்விட்டது என்று அர்த்தம். அப்படி வரும் லாரி ஏறி, ஜல்லியில் புதைந்து நிற்பதற்காகத்தான் மலைச் சாலையின் ஓரத்தில் அந்த ஏற்றப் பாதையைப் போட்டிருந்தார்கள். அதன் வாயில்தான் அவள் டீக்கடை.

டீ குடித்தவர்கள் சிதறி ஓட, பாதை காலியானது. குருவம்மா ரோட்டில் நின்று, உள்ளே விடச் சொல்லி இரண்டு கையாலும் காட்டினாள். லாரி அவளைத் தாண்டி நேராகப் போய், அடுத்த வளைவில் பாறையில் மோதிச் சாய்ந்தது.

டிரைவரைத் தூக்கி வந்து கடைக்குள் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். ஒரு கால் நசுங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

"நான்தான் அப்படிக் கை காட்டினேனே தம்பி" என்றாள், அவன் வாயில் தண்ணீர் விட்டபடி.

"பார்த்தேன்க்கா. டீ குடிக்கக் கூப்பிடுறீங்கன்னு நெனச்சேன். எல்லாக் கடையிலயும் அப்படித்தான கை காட்டுறீங்க. எனக்கு இந்த ரோடு புதுசு. இப்படி ஒரு பாதை இருக்குன்னு ஒரு போர்டு வெச்சிருக்கலாம்ல?"

குருவம்மா அவசரமாக முந்தானையை அவன் முகத்துக்கு மேலே பிடித்தாள். "கண்ணை மூடிக்க தம்பி. வெளிச்சம் கூசும்."

"கூசலக்கா" என்று அவன் அவள் கையை விலக்கினான்.

போன ஆடிக் காற்றில் விழுந்து கிடந்ததென்று அவள் எடுத்துவந்து போட்ட கூரைத் தகரம் அவனுக்கு நேர் மேலே இருந்தது. மஞ்சள் பூச்சில் கறுப்பு எழுத்துகள். அவன் மெதுவாகப் படித்தான்.

"பிரேக் பிடிக்காத வாகனங்கள் இடது பக்கம் திரும்பவும்."