பேசக்கூடாத நேரம்

கணவர் சோபாவிலிருந்து எழுந்ததும் அவள் மிக்ஸியை அணைத்தாள். உள்ளறையில் போனில் சிரித்துக்கொண்டிருந்த மகள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ள, அவர் ஹாலில் சுவரோரமாக நடக்க ஆரம்பித்தார்.

அவர் தலையில் அடிபட்ட பிறகு இந்த வீட்டின் சட்டம் இதுதான். அவர் நடந்தால் யாரும் பேசக்கூடாது. பேச வேண்டுமென்றால் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். "அப்பா எழுந்தா நமக்கெல்லாம் ஊமை வேஷம்" என்று மகள் கேலி செய்வாள், அதையும் அவர் உட்கார்ந்த பிறகுதான் சொல்வாள்.

சட்டம் சும்மா வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், நடந்துகொண்டே காய்கறிகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னாள். தக்காளி வரைக்கும் ஒழுங்காக வந்தவர், அடுத்த காயை யோசித்ததில் காலை மறந்து அப்படியே சாய்ந்துவிட்டார். நடையையும் பேச்சையும் ஒரே நேரத்தில் கவனிக்கிற அளவுக்கு மூளை இன்னும் தேறவில்லை, மறுபடியும் தலையில் அடிபட்டால் ஆபத்து என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குப் போட்ட வாய்ப்பூட்டு இன்னும் கழன்றபாடில்லை.

ஆனால் அவள் கணவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டியிருந்தது, அதுவும் இன்றைக்கே. விபத்தன்று பைக்கை ஓட்டியது அவர். பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி, அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கண் விழித்ததும் அவர் கேட்டது தம்பியைத்தான். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள், வெளியூரில் புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டப் போயிருக்கிறார் என்று. அண்ணன் தம்பி இருவருக்குமே லிஃப்ட் மெக்கானிக் வேலை என்பதால் பொய் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதற்குப் பிறகு அவர் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாபகம் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதாள்.

இன்று காலை கொழுந்தன் மனைவி போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"அக்கா, இன்னும் எத்தனை நாளைக்கு என் புருஷனை ஊர் ஊரா வேலைக்கு அனுப்பிக்கிட்டே இருப்பீங்க?" என்றாள். "இன்னைக்கு வர்றேன். நான் வர்றதுக்குள்ள மாமாகிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா நானே சொல்லிடுவேன்."

அவள் கேட்டதில் தப்பே இல்லை. இந்த வீட்டுக்கு வந்தால் சிரித்த முகமாக இருக்க வேண்டுமே என்று, அந்தப் பெண் வாசல் பக்கமே வராமல் இருந்தாள். அழுவதற்குக்கூட அவளுக்கு இங்கே இடம் இல்லாமல் செய்தாகிவிட்டது.

காலையிலிருந்து இவளும் சொல்லத்தான் பார்க்கிறாள். அவர் பேப்பரை மடித்து வைத்ததும் எதிரில் போய் உட்கார்ந்து, "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று இழுத்தாள். அவர் எழுந்து நடந்தார். சாப்பாடு முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் தொண்டையைச் செருமுவதற்குள் அவர் மேஜையில் கையை ஊன்றி எழுந்துவிட்டார். படுத்திருக்கும்போது சொல்லலாம் என்று போனால் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிப்போயிருந்தார்.

சொந்த வீட்டில், வாய் இருந்தும், அவள் வசமாக மாட்டிக்கொண்டிருந்தாள். சொன்னால் மனுஷன் உடைந்துபோவார், சொல்லாவிட்டால் இன்னொருத்தி வந்து உடைப்பாள். இதில் இவருக்கு நடக்க வேறு நேரம் காலமே கிடையாதா என்று எரிச்சலும் வந்தது.

அந்த யோசனையில் அடுப்பில் பால் வைத்ததை அடியோடு மறந்துபோனாள். சமையலறைப் பக்கம் வந்தவர் போகிற போக்கில் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். நல்லவேளை, பால் பொங்கவில்லை என்று அவள் பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கொழுந்தன் மனைவி இறங்கி, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வீட்டை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஓடிப்போய்க் கணவரின் முன்னால் நின்று, உட்காரும்படி கையால் கெஞ்சினாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார். படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. வேறு யார் சொல்லிக் கேட்டாலும் பரவாயில்லை, தாலி கட்டியவனைப் பறிகொடுத்தவள் வாயால் அவர் இதைக் கேட்கக் கூடாது.

அவள் சட்டத்தை உடைத்தாள். விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டியபடி அவர் பின்னாலேயே போய், அழுகையும் பேச்சுமாகக் கொட்டிவிட்டாள்.

"ஏங்க, உங்க தம்பி வெளியூருக்கெல்லாம் போகலைங்க. அன்னைக்கே... அந்த இடத்திலேயே போயிட்டாருங்க."

அவர் விழவில்லை. கால் தடுமாறவும் இல்லை. சுவர் வரைக்கும் போய்த் திரும்பி, அதே நடையில் அவளைக் கடந்து, கதவைத் திறக்கப் போனார். போய்க்கொண்டேதான் சொன்னார்.

"தெரியும். நீ சொல்லாத வரைக்கும் அவன் வெளியூர்லதான் இருந்தான்."