பின்பக்க அறைக்கு ஒப்பந்தம்

வீடு பதிவாக இன்னும் மூணு நாள் இருக்கு. அதுக்குள்ள பின்பக்க அறைக்கு வாடகைக்கு ஆள் பிடிச்சுட்டான் அவள் புருஷன். ஆள் வேற யாரும் இல்லை, அவளைப் பெத்த அப்பா.

"எங்கப்பாகிட்ட போய் வாடகையா?"

"ஆமா. மாசாமாசம் அஞ்சாம் தேதிக்குள்ள" என்றான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பன்னிரண்டு வருஷம் வாடகை வீட்டில் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்து வாங்கப்போற முதல் வீடு. அந்த ஒரு அறையை வாடகைக்கு விட்டால்தான் பேங்க் தவணை கட்ட முடியும், அது அவளுக்கும் தெரியும். அதுக்கு எங்கப்பாதானா கிடைச்சார்?

அப்பா ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். அம்மா போனதிலிருந்து மூணு மாசம் அண்ணன் வீடு, மூணு மாசம் தம்பி வீடு. எங்கே போனாலும் துணிமணியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கிறதே இல்லை. எங்களோட வந்திருங்கப்பா என்று அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பாரமா இருக்க மாட்டேன் என்று தட்டிக் கழித்துவிடுவார்.

அவனுக்கு கரண்ட் ரீடிங் எடுக்கிற வேலை. வீடு வீடா மீட்டர் பார்த்துப் பழகின புத்தி, மாமனாருக்கே மீட்டர் போட்டுடுச்சு என்று பொருமினாள். ரெண்டு நாள் அவனோடு பேச்சே இல்லை.

ஞாயித்துக்கிழமை அப்பா வந்தார். அவன் ஒப்பந்தத்தை நீட்டினான். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். ரெண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். அவன் ஒரு நகலை எடுத்துக்கொண்டு பெயிண்டரைப் பார்க்கக் கிளம்பிப் போனான்.

அவளுக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

"பொண்ணு வீட்டுல வாடகை குடுத்து இருக்கணும்னு உங்களுக்கு என்னப்பா தலையெழுத்து? கிழிச்சுப் போடுங்க அதை."

அப்பா அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்து எப்பப்பா கெளம்புறீங்கன்னு உன் அண்ணனும் கேக்கறான், தம்பியும் கேக்கறான். நான் உசிரோட இருக்கிறவரைக்கும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்னு மாப்பிள்ளை இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா."